தண்ணி ஊத்துற வரைக்கும்

இடது விலாவுக்கு அடியில் யாரோ கொக்கியை மாட்டி இழுப்பதுபோல் இருந்தது திலகவதிக்கு. சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது அந்த வலி வராது. கொட்டிவிட்டு நிமிரும்போதுதான் வரும். இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்த இடத்தைக் கிழித்துத்தான் அவளுடைய கிட்னி ஒன்றை எடுத்துத் தம்பி ஆத்மநாதனுக்கு வைத்தார்கள். மேல்தோல் ஆறிவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று ஆறவில்லை. வெயில் ஏற ஏற அது இழுக்கும்.

அன்னவாசலுக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குத் தார்ச்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குனி மாசம். மேலே சூரியன், கீழே தார், நடுவில் மனுசி. காலில் சாக்கைச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள் பெண்கள். அதையும் மீறிப் பாதம் வெந்தது. தார்க் கலவையை மெஷினிலிருந்து வாங்கி, ஓடிக் கொண்டுபோய்க் கொட்டி, ஓடி வரவேண்டும். நடந்தால் கலவை ஆறிப்போகும். ஆறினால் பரவாது. மேஸ்திரி வாயைத் திறப்பான்.

"பாதியாளு நீ. பாதிச் சட்டி தூக்குனாப் போதும்டி," என்றாள் மூக்காயி. திலகவதியோடு பல வருசமாகத் தாரில் வேகிறவள்.

"கூலிய முழுசா வாங்குறேன்ல, அதான் முழுச் சட்டி."

"கனத்தத் தூக்காதன்னு டாக்டரம்மா சொல்லலையா ஒனக்கு?"

"சொன்னாங்க. மூணு மாசத்துக்குத் தூக்காதன்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பங்குனி போயிருச்சு. நீ நவுரு."

அவள் கிட்னி கொடுத்த கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆத்மநாதன் கத்தாரில் கம்பி கட்டினான். அந்த வெயிலில் தண்ணி குடிக்க மேலேயிருந்து இறங்கி வந்து, மறுபடி ஏறிப் போகச் சோம்பல்பட்டு, சாயங்காலம் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். அது மட்டும்தான் காரணமா, வேறு ஏதும் உண்டா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வயதில் முகம் வீங்கி ஊர் வந்து சேர்ந்தான். ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். பெண்டாட்டி ரஞ்சிதாவின் ரத்தம் சேரவில்லை. பெற்றவர்கள் உயிரோடு இல்லை. திலகவதியின் ரத்தம் சேர்ந்தது.

புருசன் நாகராசுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவன் படித்துப் பார்க்காமலே போட்டான். டீக்கடையில் ஒருத்தன், "என்னப்பா, பொண்டாட்டியப் பாதியா அறுத்துக் குடுத்துட்டியாமே" என்று கேட்டபோது, "மிச்சப் பாதியே என்னைய அந்த அடி அடிக்குது. முழுசா இருந்தா நான் எங்கிட்டுப் போறது?" என்று டீயை உறிஞ்சினான். அவ்வளவுதான் அவன் பேச்சு. ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்தவன் அவன்தான்.

ஆத்மநாதன் அந்தக் கிட்னிக்கு 'அக்கா' என்றே பெயர் வைத்திருந்தான். சொம்பு சொம்பாகத் தண்ணி குடிப்பான். "அக்காவுக்குத் தாகம்" என்பான். வயலுக்குப் போகும்போது இடுப்புத் துண்டை வலது அடிவயிற்றின்மேல் தளர்த்திக் கட்டுவான். அங்கேதான் அதை வைத்திருந்தார்கள். "அக்காவுக்கு மூச்சு முட்டும்ல?" ரஞ்சிதா சிரிப்பாள். இடுப்பில் பிள்ளையோடு, வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். அவள் போனில் காலைக்கு ஒரு தடவை, ராத்திரிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததுண்டு. அந்த மணி அடிக்காமல் இருந்ததில்லை.

முதல் வருசத்திலேயே ஒரு தடவை பயமுறுத்தியது. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் மாதாந்திரச் சோதனைக்குப் போனபோது ரத்தத்தில் உப்பு கூடியிருந்தது. சிறுநீரில் ஏதோ வைரஸ் கிருமி என்றார்கள். அன்றைக்குத் திலகவதியும் கூடப் போயிருந்தாள். டாக்டரம்மா பொறுமைசாலி. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் இருந்த மூன்று பேருக்கும் விளக்கினார்.

"இந்தக் கிருமி நம்ம எல்லார் உடம்புலயும் சின்ன வயசுலேர்ந்து தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். உடம்போட காவல் நல்லா இருந்தா எந்திரிக்காது. இவருக்கு நாங்க குடுக்கிற மாத்திரை அந்தக் காவலைக் குறைக்கிற மாத்திரை. காவல் முழுசா இருந்தா உடம்பு இந்தக் கிட்னிய வெளியாள்னு அடிச்சுத் துரத்திடும்."

"வெளியாளா?" திலகவதிக்குச் சுருக்கென்றது. "கூடப் பொறந்தவ கிட்னிங்க அது. எப்படி வெளியாளாகும்?"

"உடம்புக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாதும்மா."

"எனக்கே சில நேரம் தெரியாது டாக்டர். அந்த ஏச்சு ஏசுவாங்க இவங்க," என்றான் ஆத்மநாதன். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

அன்றைக்கு ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். இன்னொன்றைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவிட்டார். அடிக்கடி வரச்சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார். சில மாசத்தில் கிருமி அடங்கிவிட்டது. உப்பும் இறங்கியது. திலகவதி வீட்டுக்கு வந்து மூக்காயியிடம் சொன்னாள்: "கிருமி வந்துச்சுன்னா மாத்திரையக் கொறைக்கணுமாம். மாத்திரைதான் கிருமிக்குத் தீனியாம்."

டாக்டரம்மா தீனி என்று சொல்லவில்லை. அது திலகவதியின் சொல். சொல்லிச் சொல்லி, அது டாக்டரம்மாவின் சொல்லாகவே அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது.

சாலை ஓரத்தில், வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளோடு கிடந்த பையில் அவளுடைய போன் அடித்தது. ஒரு தடவை அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் கையெல்லாம் தார். மூக்காயிதான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் காதுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

ரஞ்சிதா. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அண்ணி, இவருக்கு ஒடம்பெல்லாம் கொப்புளமா இருக்கு அண்ணி. நெஞ்சுல, முதுகுல, வாய்க்குள்ளகூட. நேத்துலேருந்து அனலாக் காயுது."

மூக்காயி போனைப் பிடித்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முத்துன்னு சொல்லு தாயி. கொப்புளம்னு சொல்லாத."

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் போட்டிருந்துச்சு. எட்டவே இருங்கன்னு சொன்னேன், கேட்டாத்தானே. கம்மாய்க்கரை வேப்பிலையக் கொண்டுவந்து எல்லாரும் வாசல்ல சொருகிட்டாங்க. ஆத்தா வந்த வீட்டுல மாத்திரை ஆகாதுங்கிறாங்க. காலையில போடவேண்டியத இன்னும் குடுக்கல, கையிலயே வச்சிருக்கேன். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேக்கட்டுமா அண்ணி?"

"ஏ திலகா! தார் ஆறுது!" மேஸ்திரி அங்கிருந்து கத்தினான்.

திலகவதி யோசிக்காமல் சொன்னாள் என்று பின்னால் சொந்தக்காரர்கள் பேசினார்கள். அது பொய். அவள் யோசித்தாள். அவளுக்கும் ஆத்மநாதனுக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்திருந்தான். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது ஊசி போட்டதால்தான் செத்தான் என்று, பெற்றவள் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது முதலில் நினைவுக்கு வந்தது. அடுத்தது டாக்டரம்மாவின் மேசை. இரண்டும் ஒரே பக்கமாகக் கை காட்டின. சாமி சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றாக இருக்கும்போது மனுசி எதற்குத் தயங்கவேண்டும்?

"டாக்டரம்மாகிட்ட கேட்டா கெளம்பி வான்னுதான் சொல்வாங்க. ஆத்தாள வச்சுக்கிட்டு வீட்டு வாசப்படி தாண்டப்புடாது. போன தடவ கிருமி வந்தப்ப அவங்கதானே மாத்திரையக் கொறைச்சாங்க? மறந்துட்டியா?"

"கொறைச்சாங்க அண்ணி."

"கொறைச்சுத்தானே சரியாச்சு? அதான். தண்ணி ஊத்துற வரைக்கும் நிறுத்து."

"எல்லாத்தையுமா?"

"அன்னைக்குக் கொஞ்சமாக் கிருமி, கொஞ்சமாக் கொறைச்சாங்க. இன்னைக்கு ஒடம்பு முழுக்க இருக்குதுங்கிற. எல்லாத்தையுந்தான் நிறுத்தணும். எளநி குடு. கூழு குடு. தாளிக்காத."

மெஷின் சத்தத்துக்கு நடுவே ரஞ்சிதாவின் மூச்சு கேட்டது.

"சரி அண்ணி. நீங்க சொன்னாச் சரிதான். ஒங்க கிட்னி," என்றாள்.

திலகவதி சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தினமும் போன் பேசினாள். முதலில் காய்ச்சல் விட்டது என்றார்கள். பிறகு முத்து நீர் வற்றிக் கருக்கத் தொடங்கியது என்றார்கள். முகத்தில் இறங்கிவிட்டது, நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆத்மநாதனே ஒருநாள் பேசினான். "நல்லாருக்கேன்க்கா. ஒடம்பு வேப்பங்காய் மாதிரி கசக்குது. மூணாந்தண்ணி ஊத்துனதும் மீமிசல்லேருந்து மீன் வரச்சொல்லு. கொழம்புல மொளகாய அள்ளிப் போடணும், சொல்லிப்புட்டேன்." திலகவதி வேலைக்கு நடுவே மூக்காயியிடம் சொன்னாள்: "எறங்கிட்டாடி. என் பேச்சுக் கேட்டு எறங்கிட்டா." மூக்காயியும் கையெடுத்துக் கும்பிட்டாள். மாத்திரை நிறுத்தியதால்தான் அத்தனை சீக்கிரம் இறங்கியது என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. அது உண்மையும்கூட. காவல் திரும்பி வந்திருந்தது. வந்த காவல் அம்மையை மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுமா என்று கேட்க அங்கே ஆளில்லை.

முதல் தண்ணி ஊற்றும் அன்றைக்குத் திலகவதி கூலியை விட்டுவிட்டு விடியுமுன்னே கிளம்பினாள். புதுக்கோட்டை போய், அறந்தாங்கி போய், அங்கிருந்து ஆவுடையார்கோவில் பஸ் பிடித்து, இறங்கி, கண்மாய்க்கரை வழியே நடந்தாள். வீட்டு வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. முற்றத்து அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணி காலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ரஞ்சிதா தலை வாராமல், எண்ணெய் இல்லாமல் நின்றாள். "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அம்மை போட்ட வீட்டில் அப்படிக் கேட்கக்கூடாது.

ஆத்மநாதனை மணைக்கட்டையில் உட்கார வைத்தார்கள். உடம்பெங்கும் கருப்புப் பொட்டு. "அக்கா, புள்ளிமானாட்டம் இருக்கேனா?" என்று சிரித்தான். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. இளநீர் குடித்த உப்பல் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சொம்பில் மோந்து தலையில் ஊற்றினாள். தண்ணி தோளில் வழிந்து, தொடையில் இறங்கி, பாதத்தில் சொட்டியது. அவள் கண்ணும் கூடவே இறங்கிப் பாதத்தில் நின்றது.

கணுக்கால் எலும்பைக் காணவில்லை.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் பாதத்தை அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. கத்தாரிலிருந்து வந்து இறங்கினபோது இதே காலை இதேபோல் அழுத்திப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணுக்குப் போறியாடா?"

"போறேன்."

"எவ்வளவு?"

அவன் ரஞ்சிதாவைப் பார்த்தான். "கொறைச்சல்தான். அக்காவுக்குக் கோவம். ஆத்தா வந்த வீட்டுல நமக்கென்ன சோலின்னு ஒதுங்கிட்டா போல."

"வெளையாடாத. என்னைக்கிலேருந்து?"

"ரெண்டு மூணு நாளாச்சு. எளநி குடிச்சா எல்லாம் வேர்வையாப் போயிரும்னாங்க..."

அவள் அவனுடைய வலது அடிவயிற்றில் கை வைத்தாள். ஈரத்துணிக்கு அடியில் அந்த இடம் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. சுட்டது. லேசாக அழுத்தினாள். அவன் மணைக்கட்டையிலிருந்து எழும்பி, பல்லைக் கடித்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் கத்தவில்லை. தண்ணி ஊற்றும்போது கத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கெளம்பு," என்றாள் திலகவதி.

பக்கத்து வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். "மூணாந்தண்ணி ஊத்தாமப் படி தாண்டுறதா? என்ன பொம்பள நீ!"

"தள்ளு."

"ஆத்தா பாத்துக்கிட்டிருக்கா."

"பாக்கட்டும். தள்ளுடி."

வாடகைக்கு வேன் வைத்துக்கொண்டு போனார்கள். அம்மைப் பொட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டான். ரஞ்சிதா வழியிலேயே அன்றைய மாத்திரைகளைப் புருசன் வாயில் போட்டாள். ஆத்மநாதன் ஒருதரம், "மீனு போச்சா?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தனி அறையில் போட்டார்கள். டாக்டரம்மா முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். கால், வயிறு, கண் எல்லாம் பார்த்தார். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார். அந்தப் பொறுமையான அம்மாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

"மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

ரஞ்சிதா சொன்னாள்.

"எல்லாத்தையுமா? யார் நிறுத்தச் சொன்னது?"

ரஞ்சிதா தலையைக் குனிந்துகொண்டாள். திலகவதி கதவோரம் நின்றாள். வாயைத் திறந்தாள். சாலையில் ஆண்பிள்ளைகளோடு சரிக்குச் சரி நின்று வைதவள் அவள். மேஸ்திரியைச் சட்டியால் அடிக்க ஓங்கியவள். அந்த வாய்க்கு அப்போது ஒரு சொல் வரவில்லை.

"நாந்தான் நிறுத்துனேன்," என்றான் ஆத்மநாதன் கட்டிலிலிருந்து.

"படிச்சவர்தானே நீங்க? பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போனவர்தானே?"

"ஆமாங்க."

"ஒரு போன் பண்ணியிருந்தா என்ன? அம்மைக்குத் தனி மருந்து இருக்கு. ரெண்டையும் பக்குவமாப் பாத்துக் குடுத்திருப்போமே."

"தப்புத்தாங்க. நாந்தான்."

டாக்டரம்மா அவனைத் திட்டினார். கிட்னியும் கெட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அவன் கிடந்தான். திலகவதி கதவோரமே நின்றாள்.

வெளியே வந்ததும் வராண்டாவில் ரஞ்சிதா அவள் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் திலகவதிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒரு வாட்டி போன் பண்ணட்டுமான்னு கேட்டேன் அண்ணி. வேணாம்னீங்க."

"ஆமாடி."

"ரெண்டு வருசம் ஒரு வேளை தப்புனதில்ல. எம்புள்ளைக்குப் பால் குடுக்க மறந்திருக்கேன். இவருக்கு மாத்திரை குடுக்க மறந்ததில்ல."

"தெரியும்டி."

"நீங்கதான் குடுத்தீங்க. நீங்களே எடுத்துக்கிட்டீங்க." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அண்ணி என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா ரெண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். உடம்பு கிட்னியை மூர்க்கமாக அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அதை அடக்கப் பெரிய மருந்து ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் காவல் மொத்தமும் விழுந்துவிடும். அம்மைக் கிருமி இன்னும் முழுசாகப் போகவில்லை. காவல் இல்லாத உடம்பில் அது நெஞ்சுக்கு ஏறும், மூளைக்கு ஏறும்.

"சின்ன மருந்து ஊசியாப் போட்டுக்கிட்டு இருக்கோம். அதுக்குக் கேட்டா கேக்கட்டும். பெருசுக்குப் போனா ஆளுக்கே ஆபத்து."

"ஆளப் பாருங்க," என்றாள் திலகவதி. "கிட்னி கெடக்கட்டும். ஆளப் பாருங்கம்மா."

ரஞ்சிதாவும் தலையை ஆட்டினாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை திலகவதிக்கு. "போன தடவ கிருமி வந்தப்ப நீங்கதானேம்மா மாத்திரையக் கொறைச்சீங்க?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். யார் நிறுத்தச் சொன்னது என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தவில்லை.

"குறைச்சேன்மா. நிறுத்தலையே. வாராவாரம் ரத்தத்தைப் பாத்துப் பாத்துக் குறைச்சேன்."

திலகவதி வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். தார் காய்ச்சும் அடுப்பைத் தணித்து வைத்தால் தார் இளகியே நிற்கும். அடுப்பை அணைத்தால் கல்லாகிவிடும். பிறகு கடப்பாரையால்தான் பெயர்க்கவேண்டும். இது தாருக்கு வந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. புதிதாக வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது. அடுப்பு விசயத்தில் தெரிந்தது தம்பி விசயத்தில் தெரியவில்லை.

சின்ன மருந்துக்குக் கிட்னி கேட்கவில்லை. சிறுநீர் சொட்டாகி, சொட்டும் நின்றது. கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். அம்மைப் பொட்டெல்லாம் உதிர்ந்து அவன் தோல் குழந்தைத் தோலாகிவிட்டது. வயிற்றுக்குள் கிட்னி மட்டும் வீங்கிக்கொண்டே போனது. காய்ச்சல் நிற்கவில்லை. விட்டுவைத்தால் உள்ளேயே வெடித்துவிடும், எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். ரஞ்சிதா கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கிட்னி தம்பிக்குள் போன அன்று ஆபரேஷன் தியேட்டருக்குள் திலகவதி மயக்கத்தில் கிடந்தாள். அது வெளியே வந்த அன்று கதவுக்கு வெளியே முழித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் மூடி போட்ட வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வந்தான்.

"என்னங்கய்யா அது?"

"லேபுக்குப் போகுதும்மா. நவுருங்க."

"அது என்னுதுங்க."

அவன் நின்றான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒப்பாரி வைக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பான். அவள் வைக்கவில்லை.

"பாத்தப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"எரிச்சிருவாங்கம்மா. எல்லாத்தையும் சேத்து."

டப்பாவின் அடியில் கை கொடுத்து ஒருதரம் தூக்கிப் பார்த்தாள் அவள். அவனும் விட்டான். வருசக்கணக்காகச் சட்டி தூக்கிய கைக்கு அது ஒன்றுமே இல்லை. வழிவிட்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் அறைக்குக் கூப்பிடாமலே போனாள். "நிறுத்தச் சொன்னது நாந்தாங்கம்மா. அவன் பொய் சொன்னான்," என்றாள். அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இன்னொன்னு இருக்குல்லம்மா எங்கிட்ட. அத எடுத்து அவனுக்கு வச்சிருங்க. நான் மெஷினுல கெடக்குறேன். எனக்கு வயசாயிருச்சு."

"ஒருத்தர்கிட்ட ஒண்ணுதாம்மா எடுப்போம். ரெண்டாவத எந்த டாக்டரும் தொடமாட்டாங்க."

"நானே எழுதிக் குடுத்தாலுமா?"

"நீங்களே எழுதிக் குடுத்தாலும்."

இப்போது ஆத்மநாதன் வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு வந்து மெஷினில் படுக்கிறான். ஊரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். இறந்தவர்களின் கிட்னிக்குப் பேர் பதிந்திருக்கிறார்கள். ஒரு தடவை வைத்து உடம்பு அடித்துத் தள்ளியதால் இனிச் சேர்வது கஷ்டம் என்று சொல்லித்தான் பதிந்துகொண்டார்கள். வேலையில்லாத நாளில் திலகவதி அன்னவாசலிலிருந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவாள். ரஞ்சிதா அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. தண்ணி அளந்துதான் கொடுக்கவேண்டும். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள். கையில் குத்தியிருந்த குழாயில் அவன் ரத்தம் சிவப்பாகப் போய், சிவப்பாகவே திரும்பி வந்தது.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்டா. நாந்தான்னு."

"எதுக்கு? அவங்க என்ன, ஒனக்குப் பரிசு குடுத்தாங்களா?"

"நீ எதுக்கு ஏத்துக்கிட்ட?"

"எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். கத்தார்ல வாங்காத திட்டா? நீ வாங்குனா திருப்பித் திட்டுவ. அப்புறம் யாரு எனக்கு வைத்தியம் பாக்குறது?" சிரிக்கப் பார்த்தான். உதட்டில் ரத்தம் துளிர்த்தது. "விடுக்கா. நீ சொல்லலைன்னாலும் நிறுத்தித்தான் இருப்பேன். எனக்கும் ஆத்தா மேல பயந்தான்."

"இல்ல. ரஞ்சிதா கையில மாத்திரைய வச்சிக்கிட்டு நின்னா. நான் ஒரு சொல்லு சொல்லியிருந்தா குடுத்திருப்பா."

மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. நர்ஸ் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனாள்.

"ஒனக்கு நான் ஒண்ணு தரணும்டா," என்றாள் திலகவதி.

"தந்துட்டியேக்கா."

"தந்தத நானே பிடுங்கிப்புட்டேன்ல. அது கணக்குல வராது."

"சரி. தரணும்னே வச்சுக்கிருவோம். எங்கிட்டுருந்து தருவ?"

அவளிடம் மிச்சம் இருப்பது ஒன்று. அதை எடுக்கமாட்டார்கள். ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி அவன் உதட்டில் வைத்தாள். அவன் அதைச் சப்பினான். அளவு மீறிப்போகும் என்று தெரிந்தும் அவள் துணியை எடுக்கவில்லை. ஒரு கிட்னி. திலகவதி தன் தம்பிக்குத் தரவேண்டியது அது.